அவர் குரலில் என் பெயர்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறைக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, நானும் என் கணவரும் பினாங்குத் தீவுக்குச் சுற்றுலா போனோம். சிரிக்காதீர்கள். எங்கள் வீடு சுங்கை பாக்காப்பில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் தீவு வந்துவிடும். பக்கத்து ஊருக்குப் போய் யாராவது ஹோட்டல் எடுத்துத் தங்குவார்களா என்று என் அக்காகூடக் கேலி செய்தாள். ஆனால் எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயும் போனதே இல்லை. போன இடமெல்லாம் கல்யாண வீடு, சாவு வீடு, கோயில் என்றுதான் இருந்தது.

மலை ஏற வேண்டும் என்பது அவருடைய ஆசை. தீவில் இருக்கும் ஒரு தொழிற்சாலையில்தான் அவர் வேலை செய்து ஓய்வு பெற்றார். விடியும் முன்னே தொழிற்சாலை பஸ் வந்துவிடும். பாலத்தில் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியே மேகம் மூடிய மலை தெரியுமாம். "ரிட்டயர் ஆனதும் அந்த மலைய நடந்து பார்த்துடணும்" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் அதன் எதிரே போய் வந்தவர், ஒருநாளும் அதன்மேல் கால் வைத்ததில்லை. தைப்பூசத்துக்கு வருவோம், தண்ணீர்மலையில் முருகனைப் பார்ப்போம், கால் வலிக்க பஸ் ஏறுவோம். எங்களுக்குத் தெரிந்த ஜார்ஜ் டவுன் அவ்வளவுதான்.

முதல் நாள் சுவர் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டு சந்து சந்தாக அலைந்தோம். அலைந்தோம் என்றால், அவர் முன்னால் போனார், நான் பின்னால் ஓடினேன். கல்யாணத்தன்று அக்கினியைச் சுற்றி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்த மனிதர் அவர். அன்றைக்கே கையை விட்டுவிட்டார், முன்னால் நடப்பதை மட்டும் அந்தப் பயணம்வரை விடவில்லை. நடுவில் ஒரு தடவை நின்று, திரும்பிப் பார்க்காமலே "இந்தா, வா" என்பார். அவ்வளவுதான்.

அந்த 'இந்தா'வைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என்னை அவர் கூப்பிடும் பெயரே அதுதான். சந்தைக் கூட்டத்தில், கல்யாண மண்டபத்தில், எங்கே இருந்தாலும் அந்த ஒரு சொல் கூட்டத்தைத் துளைத்துக்கொண்டு என் காதுக்கு வந்துவிடும். வெளியாரிடம் பேசும்போது நான் 'பாப்பாவோட அம்மா'. அந்தப் பாப்பாவுக்கு இப்போது கோலாலம்பூரில் வேலை. நானும் அதுவரை அவர் பெயரைச் சொன்னதில்லை. 'என்னங்க'வோடு சரி. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு இது ஒரு குறையாகவே தெரியாது. வேடிக்கை என்னவென்றால், நான் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் இருக்கிறேன். நாள் முழுக்க ஊரார் பெயரை உரக்கக் கூப்பிடுவதுதான் என் பிழைப்பு. கூப்பிட்டவுடன் பதில் சொல்லாமல் கைத்தொலைபேசியை நோண்டிக்கொண்டிருப்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மறுநாள் காலையில் சாலையோர ஒட்டுக்கடை ஒன்றில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் எனக்கு ஒரு பழைய பயம் ஞாபகம் வந்தது. எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் காடு இருந்தது. காட்டுக்குள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பார்கள். அப்படிக் கூப்பிட்டால் அங்கே இருப்பது அந்தப் பெயரைக் கற்றுக்கொண்டுவிடுமாம். பிறகு தெரிந்தவர்களின் குரலிலேயே கூப்பிடுமாம். பதில் சொன்னால் ஆள் திரும்பி வரமாட்டார். தமிழர், மலாய்க்காரர் என்று வித்தியாசமில்லாமல் தோட்டத்தில் எல்லோரும் சொன்ன விஷயம் இது. எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஆனாலும் அந்தப் பயம் எங்கேயோ ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

"காட்டுப் பக்கம் போறோம். என் பேரச் சொல்லிக் கூப்பிட்டு வைக்காதீங்க, ஆமா" என்றேன்.

"என்னைக்குக் கூப்பிட்டேன், இன்னைக்குப் புதுசா கூப்பிட?" என்றார் அவர். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த தம்பி சிரித்துவிட்டான். நானும்தான் சிரித்தேன்.

அடிவாரத்து ஆயர் ஈத்தாமிலிருந்து மலை ரயிலில், அவர் ஆசைப்பட்ட அந்தக் கொடிமலை உச்சிக்குப் போய்விட்டு, நடந்தே இறங்குவது என்று திட்டம். மேலே நல்ல குளிர். கீழே ஊர் முழுவதும் விரித்து வைத்த மாதிரி தெரிந்தது. அவர் சிறுபிள்ளைபோல் கையை நீட்டி, "அந்தா பாரு, நம்ம பாலம். அதுலதான் தினமும் வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குவேன்" என்றார். அங்கிருந்த ஒருவரிடம் கைத்தொலைபேசியைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னார். நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நடுவில் இன்னொரு ஆள் நிற்கலாம், அவ்வளவு இடைவெளி. எங்கள் இருவரிடமும் அந்தப் படம் இன்னும் இருக்கிறது.

மதியம் சாப்பிட்டுவிட்டு இறங்க ஆரம்பித்தோம். கொஞ்ச தூரம் தார் சாலை. அப்புறம் ஒரு காட்டுப் பாதை பிரிந்தது. மரவேர்களே படிக்கட்டு. மழை வரும்போல இருந்ததால் என் கைத்தொலைபேசியை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி அவருடைய முதுகுப்பையில் போட்டேன். அந்தச் சின்ன காரியத்தை இன்று நினைத்தாலும் என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம்போல இருக்கிறது.

அவர் வழக்கம்போல முன்னால். பாதி தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. இலைகளில் விழும் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. கணுக்காலில் ஏதோ பிசுபிசுத்தது. குனிந்து பார்த்தால் அட்டை. உப்புப் பொட்டலம் என்னிடம்தான் இருந்தது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக உப்புத் தடவி எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அவரைக் காணவில்லை. கோபம்தான் வந்தது. பெண்டாட்டி வருகிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தால் கழுத்து சுளுக்கிவிடுமா என்று முணுமுணுத்துக்கொண்டே வேகமாக நடந்தேன். பாதையின் குறுக்கே ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்தது. ஏறித் தாண்டத் தெம்பில்லை. சுற்றிக்கொண்டு போகலாம் என்று ஓரமாகக் காலை வைத்தேன். மண் அப்படியே சரிந்தது.

எவ்வளவு ஆழம் என்று சொல்லத் தெரியவில்லை. புதரையும் கொடியையும் பிய்த்துக்கொண்டு போய் ஒரு பாறையில் மோதி நின்றேன். வலது கணுக்கால் பார்க்கக்கூடாத ஒரு கோணத்தில் திரும்பியிருந்தது. மூச்சு விட்டால் விலாவில் குத்தியது. "என்னங்க! என்னங்க!" என்று கத்தினேன். மழை அந்தச் சத்தத்தை அங்கேயே அமுக்கிவிட்டது. கத்திக் கத்தி, இருமல் வந்து, ஓய்ந்துபோனேன். அண்ணாந்து பார்த்தால் பாதை தெரியவில்லை, வெறும் பச்சை.

மழை விட்டது. அதற்குப் பிறகு வந்த மூடுபனிதான் மோசம். கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மரம்கூட மங்கிவிட்டது. பூச்சிகள் கத்துவதை நிறுத்திவிட்டன. குளிரில் பல் அடித்துக்கொண்டது. அவர் எப்படியும் திரும்பி வருவார், 'இந்தா' என்பார், நான் பதில் சொல்லுவேன் என்று அந்த ஒரு சொல்லுக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன்.

அப்போதுதான் மேலே எங்கேயோ என் பெயர் கேட்டது.

முழுப் பெயர். அடையாள அட்டையில் இருக்கிறதே, அப்படியே. யாரும் சுருக்காமல், 'அக்கா' சேர்க்காமல், ஒவ்வொரு எழுத்தாக இழுத்துக் கூப்பிட்டது. குரல் என் கணவருடையது.

அந்தக் கணத்தில் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. பயம்தான் வந்தது. அவர் என் பெயரைச் சொல்லமாட்டார். இத்தனை வருடத்தில் ஒருநாள்கூடச் சொன்னதில்லை. காலையில் அவரே அதைத்தான் சொல்லிச் சிரிக்க வைத்தார். அப்படியானால் அவர் குரலில் என் பெயரைச் சொல்வது யார்? தோட்டத்தில் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நடக்கிறதே என்று தோன்றியது.

மறுபடியும் கூப்பிட்டது. இன்னும் கிட்டத்தில். எனக்கு நேர் மேலே இருந்திருக்க வேண்டும். இப்போது நினைத்தால், சாதாரணமாக 'ம்' என்று முனகியிருந்தால்கூடக் கேட்டிருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கழுத்தில் கிடந்த துண்டை வாயில் திணித்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு, முருகா முருகா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் குரல் விடவில்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது உடைந்து, அழுவதுபோல ஆகிவிட்டது. என் கணவர் அழுது நான் பார்த்ததில்லை. தன் அப்பா செத்தபோதுகூடப் பந்தல் போட இடம் பார்த்துக்கொண்டிருந்தவர். அதனால் அந்த அழுகை என் சந்தேகத்தை இன்னும் உறுதியாக்கிவிட்டது. இது அவர் இல்லவே இல்லை என்று நினைத்தேன். குரல் மெல்ல விலகி, பாதைக்கு அந்தப் பக்கச் சரிவில் இறங்குவதுபோல் கேட்டது. என் பெயர் இன்னும் ஒருமுறை வந்தது. அது முடியும் முன்னே கிளை முறியும் சத்தம், கல் உருளும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

அப்பாடா, போய்விட்டது என்று நான் மூச்சு விட்டேன். அந்த நிம்மதியைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நீண்ட நேரம் கழித்து, பாட்டுச் சத்தம் கேட்டது. சீனப் பாட்டு, பழைய ரேடியோவில் கரகரவென்று. அந்த மலையில் நடக்க வரும் சீனப் பெரியவர்கள் இடுப்பில் ரேடியோவைக் கட்டிக்கொண்டு நடப்பது வழக்கம். காலையில்கூட அப்படி ஒருவரைப் பார்த்திருந்தோம். பேய் ரேடியோ வைத்துக்கொண்டு வராது என்று எனக்கு எப்படியோ தோன்றியது. வாயிலிருந்த துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி, "தோலோங்! தோலோங்!" என்று உதவி கேட்டுக் கத்தினேன். ரேடியோ நின்றது.

ஒரு சீன அண்ணனும் அவர் மனைவியும் வந்தார்கள். அறுபதுக்கு மேல் இருக்கும். அந்த அம்மாள் உட்கார்ந்த வாக்கிலேயே வேரைப் பிடித்துச் சறுக்கி என்னிடம் இறங்கி வந்தார். தன் சட்டையைக் கழற்றி என்மேல் போர்த்தினார். பிளாஸ்கில் இருந்த வெந்நீரை வாயில் ஊற்றினார். தனியாகவா வந்தாய் என்று மலாயில் கேட்டார். கணவரோடு வந்தேன், அவர் எனக்கு முன்னால் போய்விட்டார் என்றேன். உன் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

அந்த அம்மாளின் கை அப்படியே நின்றுவிட்டது. மேலே நின்ற தன் கணவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார். நாங்கள் கீழே இறங்கி வரும் வழியெல்லாம் ஓர் ஆள் அந்தப் பெயரைத்தான் கத்திக்கொண்டிருந்தார், ரொம்ப நேரம் கத்தினார், உனக்குக் கேட்கவில்லையா?

நான் பக்கத்தில் சேற்றில் கிடந்த துண்டைப் பார்த்தேன்.

இப்போது அவர் குரல் கேட்கவில்லையே என்றார் அந்த அம்மாள், தனக்குத்தானே சொல்வதுபோல.

மேலே நின்றவர் தொலைபேசியில் மீட்புப் படையைக் கூப்பிட்டார். நான் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னை விட்டுவிடுங்கள், அவரைத் தேடுங்கள் என்று மலாயிலும் தமிழிலுமாகப் புலம்பினேன். அந்தப் பக்கச் சரிவு, அந்தப் பக்கச் சரிவு என்று கைகாட்டினேன். அவர் எங்கே விழுந்தார் என்று எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தது. காதால் கேட்டுக்கொண்டுதானே கிடந்தேன். அந்தப் பெரியவர் ஒரு கழியை ஊன்றிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கினார். சற்று நேரத்தில் அவர் போட்ட கூச்சலைக் கேட்டு, சட்டையில்லாமல் உள்பனியனோடு நடுங்கிக்கொண்டிருந்த அந்த அம்மாள் என் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டார்.

வெளிச்சம் போவதற்குள் மீட்புப் படையினர் வந்து அவரைக் கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். என்னையும் தூக்கினார்கள். பாதையில் இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவர் தலையின் இடது பக்கம் ரத்தமும் சேறுமாக இருந்தது. மூச்சு இருந்தது. "என்னங்க" என்றேன். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அவர் கண் திறக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் தலையில் அறுவை நடந்தது. உயிர் தங்கிவிட்டது. வலது கையும் காலும் விளங்காமல் போய்விட்டன. பேச்சும் போய்விட்டது. எல்லாம் புரிகிறது, ஆனால் சொல்லத்தான் சொல் வரவில்லை என்று டாக்டர் விளக்கினார். என் கணுக்கால் மூன்றே மாதத்தில் சேர்ந்துவிட்டது. அதுவாவது சேராமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

மகள் வந்து எங்களோடு கொஞ்ச காலம் இருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு மாலை, அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கூப்பிட்டார், எனக்குக் கேட்டது, நான் பதில் சொல்லவில்லை. ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்பாவுக்கு உங்க பேரச் சொல்ல வரும்னே எனக்குத் தெரியாதும்மா" என்றாள். "நானா இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்லா."

அந்தச் சொல் ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் அதிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. தோட்டத்துப் பேச்சை நான் குறை சொல்லவில்லை. காட்டைப் பார்த்துப் பயந்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்த பேச்சு அது. வேறு யாருடைய மனைவிக்கும் அன்றைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. புருஷன் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார், அவள் 'இங்கே இருக்கேன்' என்றிருப்பாள். என் பெயர் என் கணவரின் குரலில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அதுதான் எங்களைக் கவிழ்த்தது. இத்தனை வருடம் ஒரே வீட்டில், ஒரே பாயில், ஒரே குழம்பைச் சாப்பிட்டு வாழ்ந்தும் அது தெரியாமல் போயிருக்கிறது.

அவர் ஏன் அன்று 'இந்தா' என்று கத்தவில்லை என்றும் யோசித்துப் பார்த்தேன். பத்தடி பின்னால் வருபவளைத்தான் அப்படிக் கூப்பிட முடியும். காணாமல் போனவளை எப்படிக் கூப்பிடுவது? அவருக்கு என் பெயர் தேவைப்பட்ட முதல் நாள் அது. நான் அவ்வளவு தேவைப்பட்டேன் என்று எனக்குத் தெரிந்த நாளும் அதுதான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு தமிழ்ப் பெண் வருகிறாள். படங்களைக் காட்டிக் கேட்பாள். மீன், குடை, பஸ் என்று சிலது உடைந்த எழுத்துகளாக வருகிறது. ஒருநாள் நாங்கள் மலை உச்சியில் எடுத்த படத்தை நீட்டி, என்மேல் விரலை வைத்து, "ஐயா, இது யாரு? பேரு சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உதடுகள் கூடின, பிரிந்தன, மறுபடி கூடின. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. எனக்குத் தாங்கவில்லை, போதும்மா என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இப்போது அவர் முன்னால் நடப்பதில்லை. சக்கர நாற்காலியில் அவரை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு நான் பின்னால் போகிறேன். மாலையில் வாசலில் உட்கார்ந்திருப்போம். எங்கள் வீட்டிலிருந்து அந்த மலை தெரியாது. அதற்காக நான் சாமிக்கு நன்றி சொல்கிறேன். சில நேரம் அவரிடமிருந்து ஒரு சத்தம் வரும். தண்ணீர் கேட்கிறாரா, கொசு கடிக்கிறதா, இல்லை அந்தப் பெயரைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு, "இங்கதான் இருக்கேங்க, கேக்குது" என்று உடனே சொல்லிவிடுகிறேன். அன்று அந்த மலையில் துண்டை வைத்து அடைத்துக்கொண்ட பதில் அது, இன்று எத்தனை தடவை சொன்னாலும் அவர் கூப்பிட்ட அந்த நேரத்துக்குப் போய்ச் சேர மாட்டேனென்கிறது.